தோட்டத்துக்கு வெளியே ஒரு விலாசம்

நீதவான் என் தம்பிக்குப் பிணை மறுக்க இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. சாட்சிகள் எல்லாரும் அவன் குடியிருக்கிற லயத்திலேயே இருக்கிறார்களாம்.

பொய்யில்லை. எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு, ஒரே கூரை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, இலை ஈரமென்று அம்மாவின் நிறையில் மூன்று கிலோவை வெட்டினார். தம்பி நிரோஷன் அவரைப் பிடித்துத் தள்ளினான். அவர் படியில் விழுந்து கை முறிந்தது. பார்த்தவர்களில் காளியாயி பெரியம்மா எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம், மூக்கன் மாமா இந்தப் பக்கம். இவன் வீட்டுக்கு வந்து "சாப்பிட்டீங்களா மாமா" என்று கேட்டாலே சாட்சியோடு பேசினதாகிவிடும்.

"பதினாலு நாள் விளக்கமறியல்" என்று மொழிபெயர்ப்பாளர் சிங்களத்திலிருந்து சொன்னார். கூண்டிலிருந்து நிரோஷன் என்னைப் பார்த்தான். பட்டம் வாங்கின அக்கா ஏதாவது செய்வாள் என்ற பார்வை. நான் படித்தது புவியியல்.

ஹட்டன் நீதிமன்ற வாசலில் எங்கள் சட்டத்தரணி கனகலிங்கம் குடையை விரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளை, நீதவானுக்கு உம்மட தம்பியில கோவமில்லை. பிணை குடுக்கிறதுதான் வழமை. ஓடிப்போவானோ, சாட்சியளைக் குழப்புவானோ எண்டு பாக்கினம், அவ்வளவுதான்."

"ஓடுறதுக்கு அவனுக்கு எடம் ஏதுங்க சேர்?"

"அதுதான் சிக்கல். வெளியில சொந்தக்காரர் ஒருத்தருமில்லையோ?"

"இருக்காங்க. எல்லாம் வேற வேற தோட்டத்துல."

"வேற கொம்பனியோ?"

"அதே கம்பனிதான்."

அவர் குடையை என் பக்கம் சாய்த்தார். "முறைப்பாட்டுக்காரர் கொம்பனியின்ர ஆள். அதே கொம்பனியின்ர கூரைக்குள்ள விடச் சொல்லி நான் எப்பிடிக் கேக்கிறது? வெளியில ஒரு விலாசம் கொண்டு வாரும். வீட்டுக்காரற்ற கடிதம், கிராம சேவகற்ற உறுதி. அடுத்த தவணைக்குக் கேப்பம்."

எங்கள் குடும்பம் முழுவதற்கும் தோட்டத்துக்கு வெளியே இருந்தது ஒரே ஒரு விலாசம். கினிகத்தேனையில் சீதாலெட்சுமி அம்மாவின் இரும்புக்கடைக்கு மேலே உள்ள அறை. அதில் நான் இருந்தேன். படிப்பிக்கிற பள்ளிக்கூடம் அங்கேதான். ஆனால் எங்கள் தோட்டம் இருக்கிற வட்டவளையிலிருந்து பஸ் ஓடுகிறது, தினமும் போய்வரலாம். தூரத்துக்காக நான் அறை எடுக்கவில்லை. ஊர் எது என்று அந்த அம்மா கேட்டபோது கண்டி என்று சொல்லியிருந்தேன். ஒன்றரை வருடம் அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தேன். அம்மாவை ஒரு நாளும் அங்கே வரவிடவில்லை.

கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். தம்பி, கண்டாக்கு, லயம், எல்லாம்.

சீதாலெட்சுமி அம்மா ஆணியை நிறுத்துக்கொண்டே இருந்தார். "தெரியும் டீச்சர். கண்டிக்காரப் பொண்ணு தோட்டத்து ஆளுங்க மாதிரி சீனிய உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டா ப்ளேன்டீ குடிக்கும்?"

எனக்குக் காது சுட்டது.

"எங்க மாமனாரும் தோட்டத்துல துணி மூட்டை சொமந்து வித்தவருதான். சொல்லியிருந்தா நான் என்ன, தொரத்தியா விட்டிருப்பேன்?" என்றார். பிறகு, "கடிதம் தாரேன். ஆனா அறை ஒண்ணு, ஆள் ஒண்ணு. மேல ரெண்டு பேரு நடந்தா பலகை தாங்காது. நீங்க இருப்பீங்களா, அவனா?"

அடுத்த தவணையில் பிணை கிடைத்தது. நானும் எங்கள் பள்ளிக்கூடத்து ரஜனி டீச்சரும் பிணையாளிகள். தோட்டத்துக்குள் நுழையக் கூடாது, சாட்சிகளோடு பேசக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை பொலிசில் கையொப்பம். நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அம்மா மறுநாள் காலையும் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போனாள், அதே கண்டாக்கு பேர் கூப்பிட. அவர் கையில் கட்டு இருந்தது.

மூன்றாவது வாரம், பள்ளிக்கூடம் விட்டு அறைக்குப் போனேன். நிரோஷன் கட்டிலில் படுக்காமல் சுவரோரம் பாய் போட்டிருந்தான். கொண்டுபோன ரொட்டியைத் தொடவில்லை.

"அக்கா, ரிமாண்டே பரவாயில்ல."

"அறைஞ்சிருவேன்."

"இல்லக்கா, கேளு. உள்ள அறுபது பேரு. திரும்பிப் படுக்கணும்னா பக்கத்துல இருக்கவங்கிட்ட சொல்லணும். இங்க திரும்புறேன், யாருமில்ல. இருபத்திரெண்டு வயசுக்கு நான் ஒரு ராத்திரிகூட தனியாப் படுத்ததில்ல தெரியுமா?"

தெரியும். அந்தத் தனிமைக்காகத்தான் நான் இந்த அறையைப் பிடித்தேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

"கேஸ் முடிய எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு வருசம். மூணு ஆனாலும் ஆகும்."

"பிணைய வாபஸ் வாங்க ஏலாதா? உள்ளேயே இருந்துட்டு வாரேன்."

வாங்கலாம். பிணையாளி போய் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும், வேறு ஆள் வரும்வரை அவனை உள்ளே எடுத்துவிடுவார்கள். கனகலிங்கம் சேர் அதைத்தான் எனக்கு முதலில் விளங்கப்படுத்தினார்.

"ஏலாது. சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவன் நம்பினான். நான் படித்தவள்.

பஸ் நிற்கிற இடம்வரை கூடவே வந்தான். எங்கள் தோட்டத்து வழியாகப் போகும் ஹட்டன் பஸ் வந்ததும் நான் ஏறினேன். அவன் மிதிபலகைக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"நகின்ன மல்லி" என்று பஸ்காரன் சிங்களத்தில் அவனை ஏறச் சொன்னான்.

"நே அய்யே, மம என்னே நே" என்றான் நிரோஷன். இல்லையண்ணே, நான் வரவில்லை என்று.