நங்கூரம் என்ஜினைக் கட்டிக்கொண்ட கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்தது அல்ல. இடுப்புவலிக்குப் பயிற்சி தரும் இடத்தில் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் சொன்னது. ஆறு நாற்காலிகள் காலியாக இருந்தும் அவர் நின்றார். உட்கார்ந்தால் எழ முடியாதாம். நான் எழுந்தால் உட்கார முடியாத கட்சி.

“உங்களுக்கு எதுனால வந்துச்சு?” என்று கேட்டார்.

“எழுதி எழுதி.”

“பேனா அவ்வளவு கனமாவா இருக்கும்?”

இவரை எழுதாமல் விடுவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர். நண்பர்கள் வைத்த பெயர் நங்கூரம். பேச உட்கார்ந்தால் இடத்தை விட்டு நகரமாட்டார் என்பதால். நானும் அப்படியே அழைக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: “தண்ணீர் அன்று கண்ணாடி போல…” வேண்டாம். கதையின் பெரும்பகுதி நடப்பது வீட்டின் பின்னறையில். அங்கே ஈரம் என்று இருந்தது நங்கூரத்தின் வியர்வை மட்டும்தான்.

இரண்டாம் தொடக்கம்: “மனிதனின் முதுகெலும்பு பல சிறு எலும்புகள் அடுக்கப்பட்ட ஒரு…” இதுவும் வேண்டாம். நங்கூரம் வருவதற்குள் வாசகர் கொட்டாவி விட்டுவிடுவார்.

மூன்றாவது தேறும்:

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தையற்காரியான மனைவி தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போன சமயம் பார்த்து, நங்கூரம் நாற்பது கிலோ படகு என்ஜினைத் தனியாகத் தூக்கினார்.

ஏன் தூக்கினார்? மழைக்காலம் முழுக்கப் படகு துறையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. என்ஜின், பேட்டரி, இரும்புச் சங்கிலி எல்லாம் வீட்டில் இருந்தன. அன்று மாலை ஐந்து மணிக்குள் படகு ஓடுகிற நிலையில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் துறையில் அவருக்கு ஒதுக்கிய இடம், வரிசையில் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும். அந்த இடம் கிடைக்க அவர் நான்கு வருடம் காத்திருந்தவர்.

(உதவிக்கு ஆளே இல்லையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருந்தார். அதுதான் கதை.)

3

மனைவியின் தம்பி வீடு மாற்றித் தரும் தொழில் செய்பவர். கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி என்று நாள் முழுக்கச் சுமப்பவர்.

எனக்கே இது உறுத்தியது. கனத்தைப் பற்றிய கதையில் கனம் தூக்குகிறவரே மைத்துனராக வாய்ப்பதாவது! யார் நம்புவார்கள்? அவரை வங்கி ஊழியராக மாற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். வங்கி ஊழியர் வந்தார், என்ஜினைச் சுற்றி ஒரு நடை நடந்தார், “நல்ல கனம் போல இருக்கே” என்றார், டீ கேட்டார். கிழித்துப் போட்டுவிட்டு உண்மைக்கே திரும்பினேன்.

இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் சின்னது, அதனால்தான் ஆறவில்லை. படகை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கிய நாளில், துறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் மைத்துனர் கேட்டார்: “அத்தான், இது படகா, குளிக்கிற தொட்டியா?” எல்லோரும் சிரித்தார்கள். நங்கூரமும் சிரித்தார். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பதை நிறுத்தியவர், பேசுவதையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்.

4

என்ஜினை மேசைமேல் ஏற்றிவிட்டால், அங்கிருந்து தள்ளுவண்டிக்கு மாற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. குனிந்தார், கட்டிப்பிடித்தார், மூச்சை அடக்கித் தூக்கினார். என்ஜினின் ஓரம் மேசை விளிம்பில் ஏறியதுமே முதுகில் ஏதோ ‘சுரீர்’ என்றது.

அவ்வளவுதான். மேலே தள்ளவும் முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை. விட்டால் காலில் விழும். பாதி குனிந்த நிலையில், என்ஜினின் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றார்.

“என்ன நினைச்சீங்க அப்போ?” என்று கேட்டேன்.

“மச்சானைத்தான் நினைச்சேன். அவன் மட்டும் இதைப் பாத்துடக் கூடாதுன்னு.”

மனைவி திரும்பி வந்தாள். வாசற்படியில் நின்று ஒரு கணம் பார்த்தாள்.

“என்னங்க, யாரை இப்படி ஆசையாக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறீங்க?”

“முதல்ல வந்து பிடிடி!”

அவள் பிடிக்கவில்லை. தையல் இயந்திரத்து முக்காலியைக் காலாலேயே தள்ளி வந்தாள். அதன்மேல் தலையணைகளை அடுக்கி, என்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். கனம் முக்காலியில் இறங்கியது. நங்கூரம் நாற்காலியில் இறங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. வலி என்றார். நான் நம்புகிறேன்.

அவள் கைபேசியை எடுத்தாள்.

“அவனைக் கூப்பிடாத. சொல்லிட்டேன்.”

“நான் ஒண்ணும் என் தம்பியைக் கூப்பிடல. தூக்கறவனைக் கூப்பிடறேன்.”

5

மைத்துனர் தள்ளுவண்டியோடும் அகலமான பட்டை வாரோடும் வந்தார். அத்தான் பக்கம் திரும்பவே இல்லை. என்ஜினைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“அக்கா, கைய கட்டிக்கிட்டுச் சும்மா உக்காரச் சொல்லு.”

“சும்மாதான் உக்காந்திருக்கேன்னு சொல்லு,” என்றார் நங்கூரம்.

“எல்லாத்தையும் ஒரே மூச்சில தூக்கணும்னு யார் சொன்னதுன்னு கேளு.”

“யாரும் சொல்லலன்னு சொல்லு.”

“நான் என்ன தபால்காரியா?” என்று அக்கா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கதவை அளக்கப் போய்விட்டாள். வண்டி நுழைய இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கண்கொட்டாமல் பார்த்ததாக நங்கூரம் சொன்னார். மைத்துனர் எதையும் தூக்கியதாகவே தெரியவில்லையாம். சங்கிலியை ஒரு முனையிலிருந்து மெதுவாக இழுத்து, நான்கு வாளிகளில் அரை வாளி அரை வாளியாக இறக்கினார். பேட்டரியைப் பழைய போர்வைமேல் நகர்த்தி, போர்வையை இழுத்தார். இறக்கிவைப்பதற்கு முழங்காலை மடக்கினார், இடுப்பை வளைக்கவில்லை. சுமையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டார். திரும்ப வேண்டிய இடத்தில் உடம்பை முறுக்காமல் கால்களை எடுத்துவைத்துத் திரும்பினார்.

“தூக்கறது கடைசி வழி, அக்கா. நகத்த முடியிறவரைக்கும் நகத்தணும்.”

என்ஜினுக்கு மட்டும் வேறு வழி இல்லை. வாரை அதன் இடுப்பில் சுற்றி, ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் தம்பி. எண்ணுகிற பொறுப்பு நங்கூரத்துக்கு.

“ஒண்ணு… ரெண்டு… மூணு!”

தம்பி ‘மூணு’க்கே தூக்கினார். அக்கா ‘மூணு’ முடிந்து தூக்கினாள். என்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, திரும்ப முக்காலியில் உட்கார்ந்தது.

“மூணுன்னதும் தூக்கணுமா, மூணு சொல்லி முடிச்சப்புறமா?” மைத்துனர் நேராக அத்தானைப் பார்த்தே கத்தினார்.

“மூணுன்னதும்தாண்டா! இது கூடத் தெரியாம என்ன தொழில் பண்ற?”

“அத மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதானே அத்தான்!”

இரண்டு வருடம் கழித்துப் பேசிவிட்டோம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஒருவர் சுவரைப் பார்த்தார், ஒருவர் வாரைப் பார்த்தார். அக்கா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

நங்கூரம் தொண்டையைச் செருமினார். “ஒண்ணு,” என்றார்.

6

நாலே முக்காலுக்கு என்ஜின் படகில் பொருந்தியது. கயிற்றை இழுத்து அதைக் கிளப்ப நங்கூரத்துக்கு அனுமதி இல்லை. மனைவி இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் ‘டுபுடுபு’ என்று பிடித்துக்கொண்டது. துறைக் காவலர் தன் பதிவேட்டில் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார். இடம் தப்பித்தது.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன்: “மூவரும் கட்டித் தழுவி…” இல்லை. அன்றைக்கு நங்கூரம் கட்டித் தழுவியது போதும்.

இன்னொரு முடிவு: மைத்துனர் தொட்டிப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கிறார். எழுதிக் காட்டினேன். “அவனா? கேக்கவே மாட்டான்,” என்றார் நங்கூரம், கொஞ்சம் பெருமையாகவே.

நடந்தது இதுதான். நங்கூரம் பின்பக்கம் என்ஜின் பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். மனைவி முன்பக்கம், வானத்தில் ஏதோ இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு. நடுப் பலகை காலி. மைத்துனர் வாரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்கிறார். படகு இன்னும் தூணில் கட்டியிருக்கிறது. முடிச்சு தாழ்வான இடத்தில். குனிந்துதான் அவிழ்க்க வேண்டும். நங்கூரம் குனியக் கூடாது. ஆகவே அவர் வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ‘ஏறு’ என்றாலும் ‘தள்ளு’ என்றாலும் அதுவரைக்கும் வாக்கியம் ஒன்றுதான். அந்த ஒரு சொல்லை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கனமாகத் தெரிந்தால் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மூணு என்றதும் தூக்குங்கள்.

“மச்சான், அந்தக் கயித்த அவுத்துட்டு, அப்படியே…”