காந்தத்துக்கு நகர்ந்த கல்

சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நகை வேலை செய்யும் அண்ணன், அவனுடைய தங்கை, தங்கையின் கணவர். நடுவில் ஒரு கிண்ணம் தண்ணீர். செத்துப்போன அம்மாவின் மோதிரம். அதிலிருந்து உதிர்ந்த சிவப்புக் கல், இரண்டு துண்டாக.

மோதிரம் தங்கையின் விரலில் இறங்கவில்லை. பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தாள். வளையத்தை வெட்டி, துண்டு சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். கார்னெட் என்கிற மலிவான சிவப்புக் கல் என்றால் கழற்றிவிட்டுத்தான் நெருப்பைக் காட்டுவார்கள், சூட்டில் விரிசல் விட்டுவிடும். மாணிக்கம் தாங்கும். இது மாணிக்கம் என்று அப்பா சாகும்வரை சொன்னார். ஊரார் கல்லையெல்லாம் லென்ஸ் வைத்துச் சந்தேகப்படுகிற அண்ணன், அம்மாவின் கல்லைச் சந்தேகப்படக் கூசினான். கழற்றாமலே சூடேற்றினான். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"கைதவறி உடைஞ்சிருச்சுன்னு சொல்லு, நம்புறேன்," என்றாள் தங்கை. "அம்மா கல்லு பொய்க் கல்லுன்னு மட்டும் சொல்லாதே."

"பொய்க் கல்லு இல்ல, பாப்பா. இதுவும் மண்ணுல விளைஞ்சதுதான். மாணிக்கம் இல்ல, அவ்வளவுதான். இரு, காட்டுறேன்."

ஒரு துண்டைத் தக்கைமேல் வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டான்.

"என்ன மச்சான், மேஜிக் ஷோவா? டிக்கெட் உண்டா?" என்றார் தங்கையின் கணவர். யாரும் சிரிக்கவில்லை.

பட்டாணி அளவுக் காந்தம் ஒன்றைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தான். தக்கை கொஞ்சம் தயங்கியது. பிறகு மெல்லக் காந்தத்தை நோக்கி வந்தது.

"பாத்தியா? கார்னெட்டுக்குள்ள இரும்பு இருக்கு, அதான் வருது. மாணிக்கம் அசையாது."

பட்டறையிலிருந்து கொண்டுவந்த சின்ன மாணிக்கத்தையும் வைத்துக் காட்டினான். அது இடிச்சபுளி மாதிரி கிடந்தது. இத்தனை வருட வேலையில் எதையும் இவ்வளவு சுத்தமாக அவன் நிரூபித்ததில்லை.

தங்கை அந்தச் சின்ன மாணிக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அம்மா கல்லு உன்கிட்டதான் இருக்கு."

"என்ன சொல்றே?"

"அப்பா குடுத்தது மாணிக்கம். நான் உன் கையில குடுத்ததும் மாணிக்கம். திரும்பி வந்தது இது. நீயே காட்டிட்டியேண்ணா."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"அப்பாவையே யாராவது ஏமாத்தியிருப்பாங்க, பாப்பா."

"செத்த மனுஷன்தானே. எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்லவா போறாரு?"

"மச்சான், கிளம்புங்க," என்றார் கணவர். இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை.

அவன் சின்ன மாணிக்கத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். கல் பைக்குள் மறையும்வரை தங்கையின் கண் அவன் விரல்களைவிட்டு நகரவில்லை. அடித்திருந்தால்கூட அவனுக்குத் தேவலாம்.

வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தான். நிமிர்வதற்குள் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குமேல் பூட்டும் இரண்டு முறை திரும்பியது.