துர்காவுக்குச் சொன்ன சேதி

மாதா கோயில் பூசை முடிந்து மார்கரீத் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். முத்தியால்பேட்டையின் குறுகலான அந்தத் தெருவில் ஒரு குட்டியானை வண்டி தட்டுத்தடுமாறி நுழைந்து அவள் வீட்டு வாசலில் நின்றது. பின்னால் கல்யாணத்துக்குப் போகும் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. வண்டியிலிருந்து இறங்கியவர் பலராமன், துர்காவின் அப்பா.

"வாங்க பலராமன், உட்காருங்க. துர்கா பேசினாளா? அங்க ஏதாவது கஷ்டமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மதாம். பொண்ணு நல்லா இருக்குது. எனக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

அவர் உட்காரவில்லை. சட்டை தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் மார்கரீத் கவனித்தாள். ஜனவரியில் மகளை வழியனுப்ப வந்த நாளில் இதே சட்டை அவருக்குப் பொத்தான் தெறிக்கிற மாதிரி இறுக்கமாக இருந்தது. மாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

"வயித்து வலி, வயித்து வலின்னு மருந்துக்கடையில மாத்திரை வாங்கி முழுங்கிகிட்டு இருந்தேன். போன வாரம் பெரியாஸ்பத்திரியில டியூப் வுட்டுப் பாத்தாங்க. கேன்சராம். ஈரல் வரைக்கும் போயிடுச்சாம்." வேறு யாருக்கோ வந்த நோயைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். "அதுக்கு வரல மதாம். துர்கா ஒங்ககிட்ட வாராவாரம் பேசுது இல்ல? அதுகிட்ட நீங்க சொல்லிடக் கூடாது. அதைக் கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன்."

மார்கரீத் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

துர்காவைப் பிரான்சுக்கு அனுப்பியது அவள்தான். அவளும், கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற கலியமூர்த்தியும், இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கம் அது. நான்த் நகரத்துப் பல்கலைக்கழகத்தோடு இங்குள்ள கல்லூரிக்கு ஒரு பரிமாற்ற ஏற்பாடு உண்டு. ஒரு பருவம் அங்கே போய்ப் படிக்கலாம், அங்கே வாங்கும் மார்க் இங்கே செல்லும். ஆனால் விமானத்துக்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவைப் பிள்ளைகளேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ஏற்பாடு பல வருஷம் காகிதத்திலேயே கிடந்தது.

மார்கரீத்தின் கணவர் வின்சான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஊர்க்காரர்கள் வாயில் 'சொல்தா'. "ஒலகத்தப் பாக்க எனக்குத் துப்பாக்கி தூக்க வேண்டியிருந்துச்சு. இந்தத் தெருவுல பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டு வச்சிருக்கிற வீட்டுப் பசங்க பொட்டியத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. பக்கத்து வீட்டுப் புள்ள அதே பள்ளிக்கூடத்துல முதல் மார்க் வாங்கிட்டு வாசல்ல நின்னு பாக்குது" என்று அவர் அடிக்கடி சொல்வார். பிள்ளையில்லாத வீடு. அவர் போன பிறகு தனக்கு வந்த பென்ஷனில் பாதியை மார்கரீத் அந்தச் சங்கத்துக்கு ஒதுக்கினாள். வருஷத்துக்கு ஒரு பிள்ளை. துர்கா நான்காவது.

"பலராமன், இது சரியில்ல" என்றாள். "எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல, ஜிபூத்தியில இருந்தப்ப அவங்க அம்மா செத்துட்டாங்க. பிரமோஷன் பரீட்சை எழுதுறான், மனசு கலங்கிடும்னு அண்ணன்காரர் சேதி சொல்லல. அடக்கம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் காயிதம் போச்சு. பாசானார், மெடல்கூட வாங்கினார். ஆனா சாகுற வரைக்கும் அந்த அண்ணன் வீட்டுப் படி ஏறல. நான் கண்ணால பாத்தேன்."

பலராமன் வழிந்த சட்டையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மதாம், தப்பா எடுத்துக்காதீங்க. அவரு புள்ளையா யோசிச்சிருக்காரு. நான் தகப்பனா யோசிக்கிறேன். ஒங்களுக்குப் பொண்ணு இருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது போலும். முகம் சுருங்கியது. மார்கரீத் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"என் பரம்பரையில யாரும் பன்னெண்டாவது தாண்டல" என்றார் அவர், சொம்பைக் கையில் வைத்தபடி. "அது பரீட்சை முடிச்சிட்டு ஜூன் மாசம் வரட்டும். அதுவரைக்கும் நான் இருந்தா பாத்துக்கறேன். இல்லன்னா, அது முடிச்சிட்டுத்தான் வந்துச்சுன்னாவது இருக்கட்டும். வாக்குக் குடுங்க."

அவள் கொடுத்துவிட்டாள். 'ஒங்களுக்குப் பொண்ணு இருந்தா' என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குத் தண்டனையாயின. துர்கா வீடியோவில் வருவாள். தலையில் கம்பளித் தொப்பி, மூக்கு நுனி சிவந்திருக்கும். டிராமில் டிக்கெட் அடிக்க மறந்து மாட்டிக்கொண்டதையும், விடுதிச் சமையலறையில் ரசம் வைத்தபோது கொரியாக்காரப் பெண் தும்மியதையும் கொட்டித் தீர்ப்பாள். வகுப்பில் எழுந்து நின்று பிரெஞ்சில் பேசி முடித்தபோது பேராசிரியர் தலையாட்டியதை மூன்று முறை சொன்னாள். கடைசியில் எப்போதும் அதே கேள்வி.

"மதாம், அப்பா ஏன் வீடியோவுல வரமாட்டேங்கிறாரு? கேமரா ஒடைஞ்சி போச்சுன்னு சொல்றாரு. வாய்ஸ் மெசேஜ் மட்டும் தெனம் காலையில வந்துடுது. நேத்து எம்மா நேரம் பேசியிருக்காரு தெரியுமா? வில்லியனூர் மாதா தேர்ல லோடு எறக்கினது, அங்க ஒரு மாடு பந்தக்காலை முட்டினது, எல்லாம்."

"வண்டி ஓட்டுற மனுஷன். அலைச்சலா இருக்கும்மா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்லா இருக்கார்."

பொய் சொல்லும்போது மார்கரீத் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொள்வாள். பிறகு அந்தக் கையையே அவளுக்குப் பிடிக்காது.

ஏப்ரல் கடைசியில் துர்காவின் அம்மா தனக்கொடி போன் செய்து, வார்டு பேரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மார்கரீத் போய்ப் பார்த்தபோது கட்டிலில் கிடந்தவரை அவளால் முதலில் அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை. கண்ணெல்லாம் மஞ்சள். வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தது. கையில் போனைப் பிடித்து மூச்சை அடக்கி அடக்கி மகளுக்கான அன்றைய பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தார். வண்டிக்கு எஃப்சி சான்று எடுக்கப் போகிறாராம், புது டயர் போடப் போகிறாராம். வண்டியை விற்று ஒரு மாதம் ஆகியிருந்தது. பேசி முடித்ததும் போன் நெஞ்சின்மேல் விழுந்தது. அப்படியே தூங்கிப்போனார்.

டாக்டர் தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னார்: நாலைந்து நாள், அதிகம் போனால் ஒரு வாரம். துர்காவின் பரீட்சை அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது.

தனக்கொடி படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். மார்கரீத் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு என்ன வேணும் தனக்கொடி? அவருக்கு வேணும்ங்கிறது எனக்குத் தெரியும். உனக்கு?"

"எனக்கு ரெண்டும் வேணும் மதாம்" என்றாள் தனக்கொடி. "பொண்ணு பக்கத்துல இருக்கணும். அவரு சொன்னதும் நடக்கணும். நான் இன்னாத்தச் சொல்றது?"

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து மார்கரீத் சாப்பிடவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தில் வின்சான் பட்டாள உடுப்பில் நின்றார். அம்மாவின் பெயரை அந்த மனிதர் எந்தப் பேச்சிலும் எடுக்காமலே வாழ்ந்து முடித்ததை நினைத்தாள். கலியமூர்த்திக்குப் போன் செய்தாள்.

"மதாம், பரீட்சை எழுதலேன்னா அந்தப் பருவமே போயிடும்" என்றார் அவர். "நாம போட்டது எல்லாம் வீண். அந்தப் பல்கலைக்கழகத்துக்காரங்க நாளைக்கு நம்ம பிள்ளைங்களை நம்புவாங்களா? பெத்தவரே வேணாம்னு சொல்றப்ப நாம ஏன்?"

"பணம் போனாப் போகட்டும் ஐயா. டிக்கெட்டு நான் எடுக்கிறேன்."

பிறகு துர்காவைக் கூப்பிட்டாள். அங்கே காலை நேரம். நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த துர்கா சிரித்துக்கொண்டே எடுத்தாள். மார்கரீத் எல்லாவற்றையும் சொன்னாள், தான் சொன்ன பொய்களையும் சேர்த்து. அந்தப் பக்கம் அழுகை வரவில்லை. டிராமின் மணிச்சத்தம் மட்டும் கேட்டது.

"தெனம் பேசுறாரே மதாம்" என்றாள் துர்கா. "நேத்துகூடப் பேசுனாரே."

பாரீசுக்குப் பக்கத்தில் இருந்த மார்கரீத்தின் தம்பி ஜூல், ரயிலடிக்குப் போய்த் துர்காவை அழைத்துவந்து விமானம் ஏற்றிவிட்டான். சென்னையில் இறங்கி, டாக்சியில் கடற்கரைச் சாலை வழியாக அவள் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மறுநாள் சாயங்காலம். கம்பளிக் கோட்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். அப்பாவுக்கு உயிர் இருந்தது, நினைவும் இருந்தது.

"அப்பா" என்று கட்டிலருகே போனாள்.

பலராமன் கண்ணைத் திறந்து பார்த்தார். முதலில் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மார்கரீத் அதைப் பார்த்தாள், பிற்பாடு அதைத் தான் கற்பனை செய்துகொண்டோமோ என்றுகூட நினைத்தாள். ஏனென்றால் உடனே அது போய்விட்டது. மகள் தோளுக்குப் பின்னால் நின்ற மார்கரீத்தை அவர் ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை. பிறகு பெரும்பாடு பட்டு உடம்பைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்.

துர்கா எவ்வளவோ கூப்பிட்டாள். காலைப் பிடித்துவிட்டாள், உதட்டைப் பஞ்சால் நனைத்தாள். அவர் தடுக்கவில்லை, பேசவும் இல்லை. மறுநாள் முழுக்க அப்படியே. மூன்றாம் நாள் காலையில் தனக்கொடி கஞ்சித் தண்ணீர் ஊட்டும்போது மட்டும் மனைவியிடம் கேட்டார்:

"பரீட்சை என்னிக்கு?"

துர்கா பாய்ந்து வந்தாள். "திங்கக்கிழமைப்பா. பரவால்லப்பா, அப்புறம் எழுதிக்கலாம்பா."

"போ" என்றார் அவர். குரலில் காற்றுதான் இருந்தது. "இப்பவே கெளம்பு. போ."

"ஒன்ன வுட்டுட்டு எங்கப்பா போறது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை. அன்று பொழுது சாயும்போது போய்விட்டார்.

துர்காவின் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். உழவர்கரையில் அவர்களுடைய சின்ன வீட்டின் முன்னால் சாமியானா போட்டார்கள். இத்தனை வருஷமாக அவர் ஊர் முழுக்க ஏற்றியிறக்கிய நாற்காலிகளில் சனம் வந்து உட்கார்ந்தது. துர்கா அழாமல் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். மார்கரீத்துக்கும் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து மார்கரீத் ஆட்டோ பிடித்துப் போனாள். கலியமூர்த்தி முணுமுணுத்தபடியே நான்த் பல்கலைக்கழகத்துக்கு எழுதியதற்குப் பதில் வந்திருந்தது. தவறவிட்டவர்களுக்கு ஜூன் கடைசியில் மறுபரீட்சை உண்டு, துர்காவை எழுத விடுகிறோம் என்று.

"போற செலவ நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

துர்கா அம்மாவைப் பார்த்தாள். தனக்கொடி நெற்றி வெறுமையாக மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டு வா" என்றாள் தனக்கொடி. "அதுக்குத்தான அந்தாளு அப்பிடிப் படுத்திருந்தாரு."

துர்கா போனாள். அந்த முறை ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூப்பிடவில்லை. மார்கரீத்தும் தானாகக் கூப்பிடத் துணியவில்லை. அறையிலேயே கிடக்கிறாள், பரீட்சைக்கு மட்டும் வெளியே போகிறாள் என்று அவளிடம் போனில் பேசிய ஜூல் சொன்னான். ஜூலை நடுவில் ஒரே வரியில் செய்தி வந்தது: எல்லாப் பாடத்திலும் பாஸ்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து அவள் முத்தியால்பேட்டைக்கு வந்தாள். வெயில் கொளுத்திய காலை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, கேட்காமலே உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். மார்கரீத் காபி கொண்டுவந்து வைத்தாள். துர்கா அதைத் தொடவில்லை.

"மதாம், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நெஜத்தச் சொல்லணும்."

"சொல்றேன்."

"நான் வராம இருந்திருந்தா அப்பா கடைசி வரைக்கும் எங்கிட்ட நல்லாப் பேசிகிட்டேதான இருந்திருப்பாரு? அந்த மெசேஜெல்லாம் தெனம் கேக்குறேன். மாடு, தேரு, டயரு... எம்மா ஆசையாப் பேசுறாரு. எல்லாம் நான் வர்றதுக்கு முன்னாடி. நான் வந்த அப்புறம் 'போ'ன்னதுதான்."

தேறுதல் சொல்ல மார்கரீத்துக்கு எத்தனையோ வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் தான் பார்த்த அந்த ஒரு நொடி வெளிச்சத்தைச் சொல்லலாம். ஆனால் அது நிஜமா என்று அவளுக்கே நிச்சயமில்லை, இந்தப் பெண்ணிடம் இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியாது. அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து முடிவெடுத்தபோது வின்சானின் துக்கத்தைத்தான் நினைத்தோம், பலராமனை நினைக்கவில்லை என்பது இத்தனை நாளில் அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

"ஆமாம்மா" என்றாள். "பேசிக்கிட்டேதான் இருந்திருப்பார்."

துர்கா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அப்பா செத்ததிலிருந்து யார் முன்னாலும் அழாதவள், மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். மார்கரீத் பக்கத்தில் போய் நின்றாள். தோளைத் தொடலாமா என்று தெரியாமல் கையை நீட்டியபடியே நின்றாள். துர்கா தலையை நிமிர்த்தாமலே அந்தக் கையை இழுத்துத் தன் ஈரக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா சேதியச் சொல்லாம இருந்திருந்தீங்கன்னா ஒங்க மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன் மதாம்" என்றாள் அழுகைக்கு நடுவில். "ஆனா ஏன் சொன்னீங்கன்னும் இருக்குது. நான் இன்னா பண்றது?"

அழுகை ஓயும்வரை மார்கரீத் கையை எடுக்காமல் நின்றாள். கால் வலித்தது. தெருவில் மீன்காரி ஒருத்தி வாசல் வாசலாக விலை சொல்லிக்கொண்டு போனாள்.