கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து

எங்கள் வீட்டில் பேசுகிற வேலை என்னுடையது. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடுவது, அப்புறம் ராசியாவது, மகளைத் திட்டுவது, அவள் முகம் சுண்டினால் கொஞ்சுவது, என் வீட்டுக்காரருடைய அக்காவிடம் அவருக்கும் சேர்த்துப் போனில் நலம் விசாரிப்பது எல்லாம் நான்தான். அவர் தலையாட்டுவார். ரொம்ப முக்கியமான விஷயம் என்றால் இரண்டு முறை ஆட்டுவார்.

முதல் வாரத்திலேயே அவருக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பெயர் வைத்தேன். அதற்கும் தலையாட்டினார்.

என் பிழைப்பும் வாய்தான். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது என்று பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் நான் 'மைக் அக்கா'. 'பயணிகளின் கவனத்திற்கு' என்று தொடங்கி 'நன்றி' என்று முடிப்பேன். முகம் தெரியாத ஆட்களுக்கு நான் சொன்ன நன்றியை எல்லாம் சேர்த்தால் ஊரே நிறையும்.

அப்படிப்பட்ட எனக்குக் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரிக்கும்போது அதற்கு அடிபடலாம் என்றார். அடிபட்டது. கண் விழித்து, "தண்ணி" என்று கேட்க வாயைத் திறந்தேன். பஞ்சரான டயர் மாதிரி காற்று மட்டும் வந்தது.

"நரம்புக்கு ஒரு வருஷம் டைம் குடுங்க. அதுக்குள்ள வரணும். முக்கி முக்கிப் பேசாதீங்க, கிசுகிசுன்னும் பேசாதீங்க" என்றார் டாக்டரம்மா.

வரவில்லை என்றால் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. என் வீட்டுக்காரர் கேட்கலாம். அவரோ கட்டில் ஓரத்தில் நின்று இரண்டு முறை தலையாட்டினார்.

அந்த வருஷத்தைப் பற்றிப் புலம்பக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார்கள். குடை, டிபன் கேரியர், ஒற்றைச் செருப்பு என்று வந்து சேர்வதற்கெல்லாம் சீட்டு எழுதிக் கட்டுகிற வேலை. வெளியே ஒலிபெருக்கியில் முன்பு பதிவு செய்து வைத்திருந்த என் குரல் ஓடிக்கொண்டிருக்கும். நான் வாய் மூடி உட்கார்ந்திருக்க, என் குரல் எனக்குப் பதிலாக வேலை பார்த்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர்க்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

வெளியூரில் படிக்கிற மகள் ஒரு நோட்டு வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனாள். முதல் பக்கத்தில், 'தினமும் ஒரு நல்ல விஷயம் எழுதும்மா' என்று வண்ணப் பேனாவில் எழுதியிருந்தாள். நல்ல விஷயமாம். நான் அதில் எழுதியது 'ஃபேனை நிறுத்துங்க', 'உப்பு இல்லை', 'துண்டை இங்கே போடாதீங்க'. பேச்சுக்குப் பதில் நோட்டு. எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டுவேன்.

இதற்கு நடுவில்தான் அந்த அதிசயம் நடந்தது. அவர் பேச ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், அடுப்படி வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு ஒரு ரோலர் தேஞ்சுபோச்சு" என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பிறகு, "அந்தாளு தொப்பி போட்டிருந்தாரு" என்றார். எந்த ஆள்? எந்தக் கட்டடம்? நான் நோட்டை எடுத்து 'யார்?' என்று எழுதி முடிப்பதற்குள் அவர் வேறொரு கட்டடத்துக்குப் போய்விட்டார். கடைசியில், "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அன்றிலிருந்து தினமும் நடந்தது. உலகத்திலேயே மோசமான கதைசொல்லி அவர். எல்லாக் கதையும் நடுவில் ஆரம்பிக்கும். சுவாரசியம் தட்டுகிற இடத்தில் நின்றுவிடும். "அப்புறம்?" என்று கேட்க நாக்கு துடிக்கும்; கேட்க முடியாது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருபத்து மூன்று வருஷம் வாயைத் திறக்காத மனிதர், என் வாய் அடைத்ததும் இப்படிப் பொழிகிறாரே, இடம் காலியானதும் வந்து உட்கார்ந்துகொண்டாரே என்று நினைத்தேன். ஒரு நாள் நோட்டில் 'கொஞ்சம் சும்மா இருங்க' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு நீட்டினேன்.

வாசித்தார். ஒரு முறை தலையாட்டினார். சாப்பிட்டு முடிக்கும் வரை பேசவில்லை. அப்பாடா என்றிருந்தேன். பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி, "நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில கயிறு மாத்தணும்" என்று ஆரம்பித்தார்.

எட்டாவது மாசம் ஒரு காலை, மூக்குக்கண்ணாடியை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அது இல்லாமல் அவரால் ஒரு திருகாணியைக்கூடப் பார்க்க முடியாது. அன்று எனக்கு விடுமுறை. அன்றைக்கு எந்த அடுக்குமாடியில் வேலை என்று முந்தின நாள் கதையிலேயே சொல்லியிருந்ததால், எடுத்துக்கொண்டு போனேன். திட்டி எழுதிய ஒரு பக்கமும் நோட்டில் தயாராக இருந்தது.

லிஃப்ட் ஓடவில்லை. படியேறினேன். நான்காவது மாடித் திருப்பத்திலேயே அவர் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், மனிதர் தரையில் குப்புறப் படுத்திருந்தார். லிஃப்ட் கதவின் இடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"...காலையில சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுட்டேன். என் வீட்டுக்காரி பாத்தா பாருங்க ஒரு பார்வை. எழுதக்கூட இல்ல. பார்வையே போதும். அப்புறம் கழட்டித் திரும்பப் போட்டேன். எங்க ஆளு மேல மெஷின் ரூம்ல இருக்காரு. இப்ப லேசா ஒரு குலுக்கு குலுக்கும், பயப்படாதீங்க. என் பொண்ணும் சின்னதுல இப்படித்தான், பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டே பள்ளிக்கூடம் போவா..."

அதே தட்டையான குரல். அதே நடுவில் தொடங்கிய கதை. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் என்னைக் குடியிருப்பவள் என்று நினைத்துக்கொண்டார்.

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நின்னுபோச்சும்மா. உள்ள ஒரு அம்மா தனியா இருக்காங்க. பயத்துல அவங்களுக்குப் பேச்சே வரல" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "இவரு எப்பவும் இப்படித்தான். ஆள் வெளிய வர்ற வரைக்கும் வாயை மூட மாட்டாரு. அவங்கதான் பதிலே சொல்லலையேன்னு ஒரு தடவை கேட்டேன். பதில் எதுக்கு, கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சா போதும்னாரு."

கண்ணாடியை வாட்ச்மேன் கையில் கொடுத்து, அவரைச் சுட்டிக்காட்டிவிட்டு இறங்கினேன். இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதால் எனக்கு இப்போது சத்தம் வராது. அது ஒரு வசதி. எட்டு மாசமாக அந்த மனிதர் தினமும் சாயங்காலம் இடுக்கில் வாயை வைத்துப் பேசியிருக்கிறார். நான் உள்ளேயிருந்து நோட்டை நீட்டிச் சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். அது நான்காவது நோட்டு. பழைய மூன்றையும் எடுத்தேன். எல்லாம் அதட்டல், குறை, உத்தரவு. முகம் தெரியாத ஊருக்கெல்லாம் நன்றி சொன்னவள் இவருக்கு ஒரு வரி எழுதவில்லை. மகள் எழுதிய முதல் பக்கத்தில் 'நன்றி' என்று எழுதிப் பார்த்தேன். அறிவிப்பு மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். குரல் வந்தால் வாயாலேயே சொல்வேன், முதல் வார்த்தையே அவரிடம்தான் பேசுவேன் என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் அவர் தொடங்கியபோது நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் சற்றுத் தடுமாறினார். பிறகு சொன்னார். கேட்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அவர் கதை அவ்வளவு மோசமில்லை. தொப்பிக்காரர்கூட இன்னொரு நாள் கதையில் திரும்பி வந்தார்.

அதன் பிறகுதான் எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. குரல் வர வேண்டும் என்று தவித்தேன். வந்துவிட்டால் இவர் பழையபடி தலையாட்ட ஆரம்பித்துவிடுவாரோ என்றும் மனசு அடித்துக்கொண்டது. இரண்டையும் எப்படி ஒரே சமயத்தில் வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

வருஷம் முடிகிற வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் விடுப்பு எடுத்து, காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கிளம்புகிற நேரத்தில் போன் வந்தது. எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டது. வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார். நான் நோட்டில் எழுதி நீட்டினேன். 'போங்க. உள்ள ஆள் இருக்கு.'

வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மா மூக்கு வழியாகச் சின்ன கேமராவை விட்டு, திரையையே வெகுநேரம் பார்த்தார்.

"அசையுது" என்றார். கேமராவை எடுத்துவிட்டு, "ஏதாவது சொல்லுங்க. தினமும் சொல்ற ஏதாவது" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "பயணிகளின் கவனத்திற்கு" என்றேன். அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுவது போல் இருந்தது. ஆனாலும் குரல். டாக்டரம்மா சிரித்தார், நர்ஸும் சிரித்தார், நான் அழுதேன். என் தீர்மானம் அங்கேயே உடைந்துபோனது. இருந்தாலும் அது மைக்குக்குச் சேர வேண்டியது, வீட்டுக் கணக்கில் வராது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

"பயிற்சி பண்ணணும். பழைய குரல் முழுசா வருமான்னு இப்பச் சொல்ல முடியாது. ஆனா பேசலாம், பேசுங்க" என்று அனுப்பினார்.

வழியெல்லாம் அவரிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் ஐந்தாவது நடைமேடை அறிவிப்பு மாதிரியே இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். என் கழுத்தைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஒருநாளும் அவ்வளவு நேரம் கை கழுவியதில்லை. கேட்டால் 'குரல் வரவில்லை' என்று நான் எழுதி நீட்டிவிடுவேனோ என்ற பயம்தான் அது, எனக்குத் தெரியாதா. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வந்து எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார்.

"கதவு ரெண்டு விரல் அளவுக்குத்தான் திறந்துச்சு" என்றார், நடுவிலிருந்து. "உள்ள ஒரு பெரியவரு. கையில பூச்செடித் தொட்டி. அது சாயக் கூடாதுன்னு ஒரு மணி நேரமா தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னுருக்காரு. கீழ வைங்கன்னு சொன்னேன். வைக்க மாட்டேங்குறாரு. நான் என்ன சொன்னேன்னா..."

அங்கே நின்றுவிட்டார். எப்போதும் நிற்கிற மாதிரி இல்லை. மேஜையில் கிடந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. இரண்டு முறை தலையாட்டினார். மூன்றாவது முறையும் ஆட்டினார். தோள்கள் குலுங்கின. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ பேசு. ஒரு வருஷமா சேத்து வெச்சிருப்பியே" என்றார். எழுந்து போய்விடுபவர் போல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"நீங்க தினமும் பேசினீங்களே, அதுதாங்க என்னைக் காப்பாத்துச்சு" என்றேன். கரகரவென்று, பாதி காற்றும் பாதி குரலுமாக வந்தது. "உக்காருங்க. கதையை முடிங்க. பெரியவரு இன்னும் உள்ளதானே நிக்கிறாரு."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"செடி ரோஜாச் செடி" என்றார், மறுபடியும் நடுவிலிருந்து.