சாக மறுத்த வசீர்

நாடகத்தை எழுத கிளடிஸுக்கு எட்டு மாதம் பிடித்தது. எல்லாம் பிக்கரிங்கிலிருந்து வேலைக்குப் போய்வரும் ரயிலில்தான். பாத்திரங்களைப் பங்கிட அதைவிடக் கூடுதல் காலம் எடுக்கும் போலிருந்தது.

நானூறு வருடத்துக்கு முந்திய துருக்கி அரண்மனைக் கதை. சுல்தானின் தலைமை அமைச்சரான பெரிய வசீர், சுல்தானின் பொன் முத்திரையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நாட்டையே ஆட்டிப்படைக்கிறார். கடைசிக் காட்சியில் சுல்தான் மேலிருந்து தட்ட, அரண்மனை ஆள் ஒருவன் வந்து கையை நீட்டுகிறான். வசீர் முத்திரையைக் கழற்றி, முத்தமிட்டுக் கொடுத்துவிட்டுச் சாகப் போகிறார். கிளடிஸ் முதலில் எழுதியதே அந்தக் காட்சியைத்தான்.

புலம்பெயர்ந்த ஊர்க்காரர் நடத்தும் ஊர் ஒன்றியத்தின் ஆண்டு விழாவில் அவளுடைய நாடகங்கள் முன்பு இரண்டு தடவை மேடையேறியிருக்கின்றன. இரண்டு தடவையும் கடைசிக் காட்சி மட்டும் நடக்கவில்லை. "நேரம் போகுது" என்று தலைவர் அமிர்தநாதர் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்துவிடுவார். பிறகு முக்கால் மணித்தியாலம் அவருடைய உரை. இந்த முறையும் கடைசிக் காட்சி நடக்காவிட்டால் இனி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று கிளடிஸ் சத்தியம் செய்திருந்தாள்.

அஜின்கோர்ட்டில் கஸ்பரின் சாப்பாட்டுக் கடைப் பின்னறையில் கூட்டம்.

"தலைவர் நான். அப்ப ஆர் சுல்தான்?" என்று தொடங்கினார் அமிர்தநாதர்.

"அண்ணை, சுல்தானுக்குப் பேச்சே இல்லை. சபைக்கு மேலை, மரச்சட்டம் அடிச்ச ஒரு யன்னலுக்குப் பின்னாலை இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். முகமும் தெரியாது. அவர் தட்டினால் சபை கலையவேணும். அவ்வளவுதான்."

"பெரிய வசீருக்கு எத்தினை வரி?" என்று கேட்டார் செயலாளர் அருள்நாயகம்.

"இருநூற்றுப் பத்து."

"அதைச் செயலாளர் எடுக்கலாம்," என்றார் செயலாளர், வேறு யாரையோ சிபாரிசு செய்கிறவர் மாதிரி.

அமிர்தநாதர் யோசித்தார். "வசீர் எனக்கு மேலையோ கீழையோ?"

"கீழை, அண்ணை. எட்டடி கீழை."

"அப்ப சரி."

அடுத்தது படைத்தலைவன். சுல்தானின் படையில் தலைவர்களுக்குச் சமையலறைப் பட்டங்கள்தான். இவனுக்குச் 'சூப்புக்காரர்' என்று பெயர். அதைக் கேட்டதும் உபதலைவர் கோட்டை மாட்டிக்கொண்டு எழும்பிவிட்டார். பொருளாளருக்கு முழங்கால் நோ வந்துவிட்டது. தேத்தண்ணி கொண்டுவந்த கஸ்பர்தான் மிச்சம்.

"நான் செய்யிறன் தங்கச்சி. இருபது வருசமா ஒன்றியத்துக்குச் சமைக்கிறன், ஒரு பட்டமும் தரேல்லை. சூப்புக்காரனாவது கிடைக்கட்டும். என்ன செய்யவேணும்?"

"படைக்குக் கோவம் வந்தால் சோத்துக் கிடாரத்தைத் தலைகீழாப் பிரட்டிப் போடுவினம். சுல்தானின்ரை சோறு வேண்டாம் எண்டு அர்த்தம். அதுக்குப் பிறகு அவர் தட்டினாலும் செல்லாது. ஆனால் நீங்கள் மூண்டாம் காட்சியிலை வெருட்டுறது மட்டும்தான், பிரட்டக்கூடாது."

அமிர்தநாதரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கையை மட்டும் நீட்டுகிற அரண்மனை ஆளுக்குப் பெயரே இல்லாததால் அந்த வேடத்தை எவரும் கேட்கவில்லை. கிளடிஸ் தானே எடுத்துக்கொண்டாள்.

ஒத்திகை நடந்த ஆறு வாரமும் அவளுடைய தொலைபேசி ஓயவில்லை. சுல்தானுக்கு ஒரு சிற்றுரை வைத்தால் என்ன என்று தலைவர் கேட்டார். வசீர் ஏன் சாகவேண்டும், பென்சன் கொடுத்து அனுப்பக்கூடாதா என்று செயலாளர் கேட்டார். இரண்டு பேருக்கும் 'இல்லை அண்ணை' என்று எழுதி எழுதி அவளுக்குக் கட்டைவிரல் வலித்தது.

விழா நாள், ஞாயிறு பிற்பகல். ஸ்காபரோ மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டாம் காட்சியில் அருள்நாயகம் வெனிஸ் தூதுவரைக் கிழி கிழியென்று கிழிக்க, பின்வரிசையில் விசில் பறந்தது. அவர் நெஞ்சை நிமிர்த்தி அடுத்த வரிக்கு வாயைத் திறந்தார்.

மேலே டொக், டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

தட்டினால் போகவேண்டும் என்று ஆறு வாரம் பழக்கிய சபை, முதுகு காட்டாமல் குனிந்தபடியே வெளியேறியது. திறந்த வாயோடு வசீரும் போனார். மேடை வெறுமையாகிவிட்டது. திரைக்குப் பின்னால் கிளடிஸ் நிமிர்ந்து பார்த்தாள். சுல்தான் அங்கிக்குள்ளிருந்து மடித்த கடதாசிக் கட்டை எடுத்துக்கொண்டு, கீழே இறங்க ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். உரை!

அவளுக்குத் தலைக்குள் கொதித்தது.

"கஸ்பரண்ணை, பிரட்டுங்கோ!"

"வெருட்டுறது மட்டும் எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"பிரட்டுங்கோ எண்டுறன்!"

கஸ்பர் வெறும் கிடாரத்தை மேடைக்கு உருட்டிப்போய் ஒரே தூக்கில் கவிழ்த்தார். மண்டபம் அதிர்ந்தது.

"சுல்தானின்ரை சோறு எங்களுக்கு வேண்டாம்! இனித் தட்டினாலும் செல்லாது!"

சனம் எழும்பி நின்று கைதட்டியது. கஸ்பர் உள்ளே வந்து ஏணியைத் தூக்கி ஓரமாய்ச் சாத்தினார். தொங்கிய கால் மேலே போய்விட்டது. கிளடிஸ் எல்லாரையும் பிடித்து மேடைக்குத் தள்ளினாள். நாடகம் விட்ட இடத்தில் தொடங்கியது.

ஒருவழியாகக் கடைசிக் காட்சி வந்தது. அரண்மனை ஆளின் கறுப்பு அங்கியோடு கிளடிஸ் காத்து நின்றாள். வசீர் தன் கடைசி வரியைப் பேசினார். பிறகு இன்னொரு வரி பேசினார். அது அவள் எழுதாதது.

"கிழக்கை வென்றேன்! மேற்கை வென்றேன்! பதின்மூன்று ஆண்டுகள் செயலாளராக இருந்து விளையாட்டு விழாவையும் நானே நடத்தினேன்!"

கிளடிஸ் யன்னலுக்குக் கீழே ஓடினாள். "அண்ணை, இப்ப தட்டுங்கோ! கெதியா!"

மேலிருந்து மெல்லிய குரல் வந்தது. "கிடாரம் பிரண்டாப் பிறகு தட்டினாலும் செல்லாது எண்டு நீர்தானே பிள்ளை சொன்னனீர்?"

"அண்ணை, கும்பிடுறன்!"

"ஏணியும் இல்லை," என்றார் சுல்தான்.

மேடையில் வசீர் இப்போது நிதி சேர் நடைப்பவனிக்கு வந்திருந்தார். இந்த மனிதர்களுக்காகவா எட்டு மாதம் ரயிலில் குந்தியிருந்து எழுதினேன் என்று கிளடிஸுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. சுல்தான் தட்டாமலே மேடைக்குப் போனாள். போய் வசீருக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"தங்கச்சி, இன்னும் ரண்டே ரண்டு வரி," என்று உதடு அசையாமல் கெஞ்சினார் அருள்நாயகம்.

"அண்ணை, நீங்கள் செத்து அஞ்சு நிமிசமாச்சு."

அவர் மேலே யன்னலைப் பார்த்தார். பதின்மூன்று வருடத்தில் செயலாளர் தலைவரிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அருள்நாயகத்தின் முகம் உண்மையாகவே வாடியது. மெல்ல முத்திரையைக் கழற்றினார்.

"முத்தம்," என்று கிசுகிசுத்தாள்.

முத்தமிட்டுக் கொடுத்தார். திரை விழுந்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

"முத்திரையைத் தாரும் தங்கச்சி, ஒரு படம் எடுக்கவேணும்," என்று அருள்நாயகம் பின்னாலேயே வந்தார்.

"அது ஒன்றியத்துச் சொத்து, என்னட்டைத் தரவேணும்!" என்றது யன்னல்.

கிளடிஸ் முத்திரையைக் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்தாள். "ஏணியை எங்கை வைச்சனீங்கள், கஸ்பரண்ணை?"

கஸ்பர் கிடாரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார். "சாப்பிட்டிட்டுத் தேடுவம், தங்கச்சி. புரியாணி ஆறுது."