கொசுறு இல்லாத கணக்கு

1

இந்தக் கதை ஒரு தப்பான விடையிலிருந்து பிறந்தது. கோச்சபாம்பா நகரச் சந்தையில் நான் வாடிக்கையாக ஆரஞ்சு வாங்கும் பெட்ரோனா, ஒரு நாள் தன் மகள் சிசாவின் சோதனைத் தாளை என் முன்னால் நீட்டினாள். மூன்றாம் வகுப்புக் கணக்கு. "ஒரு வியாபாரியிடம் நூறு ஆரஞ்சுகள் இருந்தன. நான்கு பேருக்கு ஆளுக்கு இருபத்தைந்து விற்றாள். மீதி எத்தனை?" விடைக்கான கோட்டில் சிசா எழுதியிருந்தாள்: "பத்தாது. நாலு பழம் குறையுது." அதன் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு.

"இதுல என்ன தப்புன்னு எனக்கே தெரியல" என்றாள் பெட்ரோனா.

இங்கே இருபத்தைந்து பழம் வாங்கினால் பைக்குள் இருபத்தாறு விழும். அந்த ஒன்றை யாப்பா என்பார்கள். நம் கொசுறுதான்.

[அந்தத் தாளை அவள் நீட்டியது வரைக்கும்தான் நான் கண்டது. இனி வருவதெல்லாம் நான் சேர்ப்பது.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஆண்டிஸ் மலைத்தொடரின் மேல் வெயில் மெல்ல— அடித்துவிட்டேன். கடைக்காரி மலையையா பார்த்துக்கொண்டிருப்பாள்? வருகிற ஆளைத்தான் பார்ப்பாள்.

பிறகு: சிசா பிறவி மேதை, அவளைப் புரிந்துகொள்ள— இதையும் அடித்தேன். சிசா மேதை இல்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு முறை தவறி, அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருக்கும் ஒன்பது வயதுப் பெண். ஏழாம் வாய்ப்பாடு வந்தால் கூரையைப் பார்ப்பாள்.

2

மிர்த்தா டீச்சரை என் முதல் வரைவில் கொடுமைக்காரியாக எழுதிவிட்டேன். எழுதச் சுலபமாக இருந்தது. படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாகிவிட்டது. பள்ளி விட்ட பிறகும் எண்ணிக் காட்டப் பாட்டில் மூடிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு சிசாவோடு உட்கார்ந்திருக்கிறவள் அவள். பெட்ரோனாவைக் கூப்பிட்டு அனுப்பியவளும் அவள்தான்.

"கூட்டத் தெரியுது, கழிக்கத் தெரியுது. வாக்கியமா குடுத்தா மட்டும் எங்கேயோ போயிடறா, பெட்ரோனாம்மா."

"எங்கேயும் போகல டீச்சர். என் கடைக்குத்தான் வர்றா."

"அதுதாங்க சிக்கல். நானா இருந்தா மார்க் போட்டுடுவேன். வெள்ளிக்கிழமை தாள் வெளியிலேர்ந்து வருது, திருத்துறதும் வேற ஆளு. இந்தத் தடவையும் போச்சுன்னா சிறப்புப் பள்ளிக்கு எழுதிக் குடுக்கச் சொல்லிட்டாங்க."

"அங்க எப்படிப்பட்ட பிள்ளைங்க படிக்குதுங்க?"

டீச்சர் மூடிகளைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தாள். அந்தப் பள்ளிக்குப் போன பிள்ளைகளைச் சந்தையில் என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று பெட்ரோனாவுக்குத் தெரியும். அவளே கூப்பிட்டிருக்கிறாள்.

3

அன்று சாயங்காலம் கடைக்குப் பின்னால், காலிப் பெட்டியின் மேல் மகளை உட்கார வைத்தாள்.

"கணக்குல கொசுறு கிடையாதுடி."

"ஏம்மா?"

"கிடையாது. அவ்வளவுதான்."

"அப்ப அந்தக் கடைக்காரி கஞ்சப் பிசினாறியா?"

"ஆமா. அப்படியே வச்சுக்க."

சிசா யோசித்தாள். "அப்புறம் ஏன் நாலு பேரும் அவகிட்டயே வாங்குறாங்க?"

பெட்ரோனா இன்னொரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். (என்னைக் கேட்டாலும் தெரியாது. கணக்குப் புத்தகத்து வியாபாரிகளுக்குப் பெயர் கிடையாது, வாடிக்கைக்காரர் கிடையாது. ஒரு பழம்கூட அழுகாது. அந்தச் சந்தையில் இந்தப் பெண்ணுக்கு ஒருவரையும் தெரியாது. தெரியாத ஊரில் குழந்தையை இறக்கிவிட்டு வழி கேட்கிறோம்.)

சொல்லிப் பார்த்தாள், பழத்தை வைத்து அடுக்கிக் காட்டினாள். பெருக்கிக் கழித்துச் சரியாகவே வருவாள் சிசா. கடைசியில் கை தானாகக் குவியலுக்குப் போய் ஒன்றை எடுத்துச் சேர்த்துவிடும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கொசுறு போடுவது அவள் வேலை. பெட்ரோனா ஒரு முடிவுக்கு வந்தாள். நாளைக்குக் கடையில் யாருக்கும் கொசுறு இல்லை. பிள்ளை கண்ணால் பார்க்கட்டும்.

4

இந்தச் சந்தையில் விற்பவளும் வாங்குபவளும் ஒருவரையொருவர் "கசெரிதா" என்று ஒரே சொல்லால் கூப்பிட்டுக்கொள்வார்கள். நீ என் வாடிக்கை, நான் உன் வாடிக்கை என்று அர்த்தம். மறுநாள் காலையில், சிசா பள்ளிக்குக் கிளம்பும் முன்பே, முதலில் வந்த கசெரிதா நியேவெஸ். சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள். சிசா பிறந்த வாரம் பெட்ரோனாவின் கடையைப் பார்த்துக்கொண்டவள்.

நூறு பழம் குவிந்திருந்தது. பெட்ரோனா இருபத்தைந்தை எண்ணிப் போட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். நியேவெஸ் பையின் வாயை விரித்தபடியே நின்றாள்.

"என்ன கசெரிதா, மறந்துட்டியா?"

"இன்னிக்கு இல்ல கசெரிதா."

"பழத்துக்கா பஞ்சம்? இவ்வளவு கிடக்கு."

"இருக்கு. இன்னிக்கு இல்ல."

"நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."*

"ஒரு பழத்துக்கு நான் செத்துட மாட்டேன். ஏன்னு மட்டும் சொல்லிடு."

பெட்ரோனா தராசைத் துடைத்தாள். ஆரஞ்சை எண்ணி விற்கிறவளுக்குத் தராசு எதற்கென்று நியேவெஸ் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைப் பக்கம் போய், அங்கே எலுமிச்சை விலை கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பக்கம் நின்று யாரும் பார்த்ததில்லை.

சிசா தாளில் கழித்துக்கொண்டிருந்தாள். "எழுபத்தஞ்சும்மா. சரியா வருது."

"ஆமாடி. சரியா வருது."

மகள் முதல் முறையாகக் கொசுறு சேர்க்காமல் கணக்குப் போட்டிருக்கிறாள். எதிர்க்கடையில் நியேவெஸின் பைக்குள் ஒரு எலுமிச்சை கூடுதலாக விழுவதை இருவருமே பார்த்தார்கள்.

* "பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர்றேன்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதிப் பார்த்தேன். நியேவெஸ் சிரித்துவிட்டாள், சிசாவும் சிரித்தாள், கொசுறு பையில் விழுந்தது, கணக்குப் பழையபடி தப்பாகிவிட்டது. மறுநாள் பரீட்சை. அதனால் அந்த வரியை நீக்க வேண்டியதாயிற்று.

5

வெள்ளிக்கிழமைத் தாளில் வரும் கணக்கை அமைத்தவன் நான். டீச்சரைத் திட்டாதீர்கள்.

"ஒரு வியாபாரியிடம் அறுபது மாண்டரின் ஆரஞ்சுகள் இருந்தன. ஐந்து பேருக்கு ஆளுக்குப் பத்து விற்றாள். மீதி எத்தனை?"

முதல் முடிவு: சிசா கொசுறையும் கழித்து ஐந்து என்று எழுதுகிறாள். அடுத்த மாதம் வேறு பள்ளியின் வாசலில் பெட்ரோனா அவள் கையை விடுகிறாள், அந்தக் கை—

இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாம் முடிவு: பத்து என்று எழுதுகிறாள். தேர்ச்சி. டீச்சர் கட்டிப்பிடிக்கிறாள். சனிக்கிழமை கடையில் யாரோ ஒரு கிழவர் பத்துப் பழம் வாங்கிவிட்டுப் பையை விரித்தபடி நிற்கிறார். சிசா அவரை நிமிர்ந்து பார்க்கிறாள். கை மடியிலேயே இருக்கிறது. "பத்து சரியா இருக்கு தாத்தா" என்கிறாள்.

இது முதலாவதைவிட என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

நண்பர் ஒருவர் மூன்றாவதைச் சொன்னார். "ரெண்டையும் எழுதட்டுமே. பரீட்சைக்குப் பத்து, எங்க கடையில அஞ்சுன்னு." வாசகர்கள் கைதட்டுவார்கள் என்றார். தட்டலாம். ஆனால் அந்தக் கோட்டில் ஒரு எண்ணுக்குத்தான் இடம். திருத்துகிறவர் முன்னால் இன்னும் ஆயிரம் தாள் கிடக்கிறது. இரண்டு விடை எழுதினால் இரண்டும் தப்பு.

6

ஆகவே, பள்ளி வாசல். மதியம். மணி அடித்துவிட்டது.

பெட்ரோனா கடையைப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறாள். பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு வெளியே வருகிறார்கள். சிசா மெதுவாக வருகிறாள். அவள் முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"பழக்கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சும்மா. மாண்டரின்."

"மீதி எத்தனைன்னு போட்ட?"

கேட்டுவிட்ட பிறகுதான் பெட்ரோனாவுக்குத் தெரிகிறது, எந்த எண்ணைக் கேட்டால் தனக்குச் சந்தோஷம் வரும் என்று தனக்கே தெரியவில்லை. கொசுறு இல்லாத எண்ணைச் சொல்லிவிடு என்று வேண்டிக்கொண்டுதான் வழியெல்லாம் வந்தாள். இப்போது அந்தச் சின்ன வாய் அந்த எண்ணையே சொல்லிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. மகளின் தலையில் கை வைக்கிறாள்.

சிசா பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள்.

நான் இங்கே பேனாவை வைத்துவிடுகிறேன். அந்த எண்ணைப் போட வேண்டியது நீங்கள். எதைப் போட்டாலும் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடுங்கள்.