கேட்டுக்கு வெளியே ஒரு புலி வருடத்துக்காரன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல, மாடியிலிருந்து ஒட்டுக்கேட்டது. தெத் எனும் சந்திரப் புத்தாண்டின் முதல் நாள் காலை. தூறலிலும் ஊதுபத்திப் புகையிலும் ஹுவே நகரம் பாதித் தூக்கத்தில் மிதந்தது. நான் இஞ்சி மிட்டாயை வாயில் அதக்கிக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுத் தோவா அக்கா இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "கம்ப்யூட்டர்ல நெட் வரலடா பாங்!"

(முதலில் வேறு மாதிரி ஆரம்பித்தேன். 'ஒரு ஊரில் ஒரு வயர் இருந்தது, அதன் ஒரு முனையில்...' சேச்சே.)

2

பாங் எதிர் வீட்டுக்காரன். வயர், ரூட்டர் பார்ப்பதே அவன் பிழைப்பு. ஆனால் உள்ளே வரக்கூடாது. புத்தாண்டில் வீட்டுக்குள் முதலில் யார் கால் வைக்கிறாரோ, அதைப் பொறுத்துத்தான் அந்த வருடமே. எங்கள் கணக்கில் வருடத்துக்கு ஒரு மிருகம்; தோவா குரங்கு வருடத்தில் பிறந்தவள். பாங் புலி வருடம். ரெண்டுக்கும் ஆகவே ஆகாது. பொருத்தமான வருடத்துப் பெரியப்பா பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு.

அழைப்போ ஒன்பது மணிக்கு. தைவானிலிருந்து தங்கை மியென். ஆறு வருடமாகப் பேச்சில்லை. நேற்று மின்னஞ்சல் போட்டிருந்தாள்: "நாளைக்கு ஒன்பது மணிக்கு வீடியோவில் கூப்பிடுவேன். ஒரே தடவைதான். எடுக்கலேன்னா புரிஞ்சுக்கறேன்."*

* போனில் பேசலாமே என்பீர்கள். தோவாவிடம் இருப்பது பொத்தான் போன். அவள் கணக்கின் கடவுச்சொல்லோ அந்தக் கிழட்டுக் கணினிக்கு மட்டும்தான் ஞாபகம். நான் போய் உதவியிருக்கலாமே என்றும் கேட்பீர்கள். எனக்குக் கணினியை அணைக்க மட்டும்தான் தெரியும்.

3

"அக்கா, கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னாடி வயர் சொருகுற எடத்துல சின்ன லைட் எரியுதா?"

உள்ளே ஓடினாள். திரும்பி வந்தாள். "இல்லடா!"

"ரெண்டு முனையையும் புடுங்கிட்டு, டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் சொருகுங்க."

"சத்தம் வருது, லைட் வரல!"

"ரூட்டர்ல பக்கத்து ஓட்டைல போட்டுப் பாருங்க."

அதுவும் இல்லை. புது வயர் ஒன்றைச் சுருட்டிக் கேட்டுக்கு மேலே வீசினான். மாற்றினாள். கணினியை அணைத்துப் போட்டாள். ம்ஹூம்.

"அப்ப பெட்டிக்குள்ளதான் கோளாறு. தொறந்து நெட் கார்டு மாத்தி, ரூட்டரோட சேத்து வைக்கணும். நான் உள்ள வந்தே ஆகணும்க்கா."

"பெட்டிய இங்க தூக்கிட்டு வரட்டா?"

"தூறல்லயா? பேஷ். அப்புறம் அதுக்கும் சேத்துப் பத்தி கொளுத்திருவோம்."

4

இந்த இடத்தில் எழுதாமல் தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

மியெனும் புலி வருடம்தான். பாங்கோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஆறு வருடத்துக்கு முன் இதே நாளில், விளையாட்டாக அவள்தான் முதலில் உள்ளே கால் வைத்தாள். அந்த வருடமே அப்பா போய்விட்டார். இழவு வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் தோவா சொன்னாள்: "உன் கால்தாண்டி அப்பாவக் கொன்னுச்சு."

அதைக் கேட்டதும் மியென் முகம்... வேண்டாம், இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.

5

பெரியப்பா முன்கூட்டியே வந்துவிடுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். மணி எட்டு நாற்பது. தோவா தாழ்ப்பாளில் கை வைத்தபடி அசையாமல் நின்றாள்.

"பயமா இருக்குடா."

"வருஷம் கெட்டுரும்னா?"

"இல்ல. ஏதாச்சும் ஒண்ணு நடந்தா, உன் காலால்தான்னு சொல்லிருவேன். என் வாய் எனக்குத் தெரியும். அவளச் சொன்ன வாய்தானே."

பாங் தலையைத் துடைத்துக்கொண்டான். "சொல்லிக்கோங்கக்கா. நான் தைவானுக்கெல்லாம் போயிர மாட்டேன். எதிர்வீட்லதான் கெடப்பேன்."

அவள் சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

6

பெட்டிக்குப் பின்னால் அந்தச் சின்ன விளக்கு எரிந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். எரிந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணி. திரையில் அக்காவின் முகம். பின்னால், பெரியப்பா வருவதற்கு முன்பே, வீட்டுக்குள் நிற்கும் பாங். மியென் அவனைப் பார்ப்பாள். அவன் வருடம் அவளுக்குத் தெரியும்.

அக்கா இப்போது ஏதாவது சொல்லியாக வேண்டும். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.